அளவுப் புத்தகத்தில் நிற்கும் பெண்

அக்காவுக்கு வந்த பதில் கடிதத்தில் ‘வருந்துகிறோம்’ என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. ஒரே பக்கத்தில் மூன்று முறை வருந்தத் தெரிந்தவர்களுக்கு, ஒரு முறை நேரில் வந்து பார்க்கத் தெரியவில்லை. அவள் ஒன்றும் மாளிகை கேட்கவில்லை. தன் வீட்டுச் சமையல் மேடையை மூன்று அங்குலம் இறக்கித் தாருங்கள் என்றுதான் எழுதியிருந்தாள். குடியிருப்பு முழுவதும் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டுவிட்டதால் மூல அளவுகளை மாற்ற இயலாது, வருந்துகிறோம் என்று பாதுகாப்புக் குழு பதில் எழுதியிருந்தது.

“நீதானே இதைக் கட்டின ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டின,” என்றாள் அக்கா. “போய் ஒரு வார்த்தை சொல்லேன். உன் பேச்சுன்னா கேப்பாங்க.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வாக்கர். ஐந்து மாதத்துக்கு முன்பு, சமையல் மேடைக்குக் கீழே போட்டிருந்த பலகையில் நின்றபடி கொதிக்கும் பாத்திரத்தோடு திரும்பியவள் கால் தவறி விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். தோள்கள் அதற்கு வெகு நாள் முன்பே போய்விட்டன. நாற்பது வருடத்துக்கும் மேலாக முழங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டே நறுக்கியும் தேய்த்தும் கழுவியும் வந்தால் எந்தத் தோள்தான் மிஞ்சும்? இனிமேல் பலகையில் ஏறவே கூடாது, கையை உயர்த்தி வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெளியூரில் இருக்கும் மகன் நல்லவன். தினமும் போன் செய்வான். அவன் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. அம்மா தானே சமைத்துக்கொள்ள முடிந்தால் இங்கேயே இருக்கட்டும், முடியாவிட்டால் அடுத்த மாதம் முதியோர் இல்லம்.

“நல்ல இடமாம். பாத்துட்டு வந்துட்டான்,” என்றாள் அக்கா. “ஜன்னலைத் திறந்தா மரம் தெரியுமாம். நாள் முழுக்க மரத்தைப் பாத்துக்கிட்டு நான் என்ன பண்றது?”

“நானே இங்க வந்து இருந்துடறேன்க்கா.”

“நீ என்னைவிட நாலு வயசுதான் சின்னவ. நீயும் அதே பலகைல ஏறி நின்னுதான் கிண்டற. ரெண்டு பேரும் விழுந்து கிடந்தா என் பிள்ளை யாரைத் தூக்குவான்?”

எனக்கும் அறுபத்தேழு ஆகிவிட்டது. இந்த ஐந்து மாதமும் இரண்டு பஸ் மாறி வந்து நான்தான் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேறு வழி ஏதாவது உண்டா என்று பழைய பழக்கத்தில் காகிதத்தில் வரைந்தும் பார்த்துவிட்டேன். எட்டடிக்கு ஐந்தடி சமையலறை. தாழ்வான மேசை போட்டால் வாக்கர் திரும்பாது. தரையை உயர்த்தலாம் என்றால், கதவு உள்பக்கம் திறப்பது, உயர்த்திய தரையில் இடிக்கும். வாசலில் மூன்று அங்குலப் படி வரும். சரிவு வைக்க நடையில் இடம் கிடையாது. அடுப்பும் சிங்க்கும் அந்த ஒரே காங்கிரீட் மேடையில்தான். மேடையை இறக்குவது ஒன்றுதான் வழி. எப்படிச் சுற்றி வந்தாலும் அந்த மூன்று அங்குலத்தில்தான் வந்து நின்றேன்.

அக்காவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த மூன்று அங்குலம் என்னுடையது.

அந்தக் குடியிருப்பை வரைந்த எங்கள் கட்டடக்கலை அலுவலகத்தின் தலைவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். கடல் கடந்து படித்துவிட்டு வந்தவர். தூண், வளைவு, பூவேலைப்பாடு எதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். வீடு கல்லிலிருந்து தொடங்கக் கூடாது, மனித உடம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மனித உடம்பு என்று அவர் சொன்னது தன்னுடைய உடம்பை என்பது அப்புறம்தான் புரிந்தது. ஆறடி ஆள். அரைக்கால் சட்டையோடு, வெறுங்காலோடு, தரையில் விரித்த வெள்ளைக் காகிதத்தில் ஏறி நின்று மூன்று நாள் அளவு கொடுத்தார். கதவின் உயரம், ஜன்னலின் உயரம், படியின் அகலம் எல்லாம் அவரிடமிருந்து பிறந்தவை. அந்த அளவுகளையெல்லாம் தொகுத்ததுதான் அளவுப் புத்தகம். நூற்றுப் பன்னிரண்டு தாள். அதில் ஆண் நிற்பான், உட்காருவான், காலணியின் கயிறு கட்டுவான், செய்தித்தாள் படிப்பான், முகம் மழிப்பான், படுப்பான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பான்.

பெண் மூன்றே தாளில் வருவாள். எழுபத்தொன்றில் சமைப்பாள், எழுபத்திரண்டில் துவைப்பாள், எழுபத்துமூன்றில் தொட்டிலைக் குனிந்து பார்ப்பாள். நூற்றுப் பன்னிரண்டில் மூன்று. மூன்றிலும் அவள் கைக்கு வேலை கொடுத்திருந்தார்கள். அவள் சும்மா நிற்கிற படம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

அந்த மூன்று தாளுக்கு ஒரு பெண் உடம்பு தேவைப்பட்டது. அலுவலகத்தில் இருந்த ஒரே பெண் நான். கட்டடக்கலை படித்துத் தேறியவள்தான், ஆனால் வருகைப் பதிவேட்டில் எனக்கு எதிரே வரைவாளர் என்றுதான் இருந்தது. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அங்கிருந்த வரைபலகைகளும் ஸ்டூல்களும் ஆண்களுக்காகச் செய்தவை. முதல் வாரம் ஸ்டூலில் உட்கார்ந்தபோது என் கால் தரையில் எட்டாமல் தொங்கியது. அதைப் பார்த்த புண்ணியவான் ஒருவர் ‘பாப்பா’ என்று பெயர் வைத்தார். ஏழு ஆண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமே மூன்று அங்குல ஹீல்ஸ் செருப்பு ஒன்று வாங்கினேன். அதை மறைக்கத் தரை கூட்டுகிற மாதிரி நீளமான உடைகளும் தைத்துக்கொண்டேன். மெல்ல மெல்லப் பாப்பா மறைந்தது. என் உண்மையான உயரம் எனக்கும் என் செருப்புக்கும் மட்டும் தெரியும்.

தலைமை வரைவாளருக்குப் பெரிய மீசை. அதனால் மீசை என்றே சொல்வோம். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். தங்கமான மனிதர். ஒருநாள் மத்தியானம் வந்து, “ஏம்மா, சுவரோரம் வந்து ஒரு அஞ்சு நிமிஷம் நில்லு, அளவு எடுக்கணும்,” என்றார்.

சுவரில் காகிதம் ஒட்டியிருந்தது. பெரியவருக்கு டேப்பை உடம்போடு ஒட்டி வைத்து அளந்தவர், என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிக் குறித்தார். தலை, தோள், முழங்கை. கிண்டுவது போலக் கையை வைக்கச் சொன்னார். இடுப்பைக் குறிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குக் கீழே பார்க்கவே இல்லை. “காலை நான் பாத்துக்கறேன்மா,” என்றார். பார்த்துக்கொண்ட விதம் எப்படியென்றால், பெரியவருடைய பாதங்களைச் சிறிதாக்கி எனக்குப் போட்டுவிட்டார். எழுபத்தொன்றாம் தாளில் நான் வெறுங்காலோடு, ஓர் ஆணின் பாதங்களில் நிற்கிறேன். எல்லாம் மரியாதையால் வந்த வினை. அந்த மனிதருக்குக் கொஞ்சம் மரியாதை குறைவாக இருந்திருந்தால் உடையின் விளிம்பைத் தூக்கச் சொல்லியிருப்பார். செருப்பு தெரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் உள்ளே வந்தார். சுவரில் இருந்த குறியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பரவாயில்லையே. நம்ம பொண்ணுங்க இவ்வளவு உயரமா?” என்றார். “நல்லா நிமிந்து நிக்கற.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கு அங்கே கிடைத்த முதல் பாராட்டு அது. சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. அவர் மீசையிடம் ஏதோ கேட்டார், மீசை பதில் சொன்னார், அதுவரை இருந்தது. சார், செருப்பு போட்டிருக்கேன், மூணு அங்குலம் கழிச்சுக்குங்க. இவ்வளவுதான் வசனம். ஏழு பேரும் வரைபலகைகளிலிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு மீசையிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே அந்தத் தாள் படியெடுக்க டிரேசிங்குக்குப் போய்விட்டது. அதற்கு அடுத்த வாரம் அச்சுக்குப் போனது.

முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே சமையல் மேடை என்பது கணக்கு. முப்பத்துமூன்று வர வேண்டிய இடத்தில் முப்பத்தாறு வந்தது. பெரியவர் அத்தோடு விட்டிருந்தாலாவது பிறகு உடைத்துக் கட்டியிருக்கலாம். அவருக்கு அந்த முப்பத்தாறு ரொம்பவும் பிடித்துப்போனது. மேடையின் காங்கிரீட் பலகையைச் சுவரைத் தாண்டி வெளியே நீட்டி, அதையே ஜன்னலின் அடிக்கட்டையாக்கி, பக்கத்து வீட்டு மேடையோடு சேர்த்து, அதற்கும் பக்கத்து வீட்டோடு சேர்த்து, தெருவிலிருந்து பார்த்தால் கட்டடம் முழுக்க ஒரே கோடாக ஓடும்படி செய்தார். தொண்ணூறு மீட்டர், ஒரு முறிவு கிடையாது. ஒன்பது கட்டடம், ஆயிரத்து எண்ணூறு வீடு. அந்தக் கோட்டைப் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ வந்தார்கள். கட்டடக்கலைப் புத்தகங்களில் இன்றைக்கும் அந்தப் படம் வருகிறது.

இரண்டாம் வருடம் இன்னொரு பெண்ணை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. “இந்தப் பொண்ணு இதுவரைக்கும் ஒரு தப்பு பண்ணல. இன்னொருத்தியையும் எடுக்கலாம்,” என்றார் பெரியவர். அப்போது போய் எப்படிச் சொல்வது? என்னால் பின்னால் வருகிறவளுக்குக் கதவு அடைபட வேண்டுமா? இந்தக் காரணத்தைப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல காரணம்தான். ஆனால் அது முதல் நாள் என் மனதில் இல்லை. முதல் நாள் இருந்தது வெறும் கூச்சம்.

குடியிருப்பு முடிந்த சமயத்தில் அக்காவுக்குக் கல்யாணமாகியிருந்தது. வீடு தேடினார்கள். நானே பெரியவரிடம் சொல்லி இரண்டாவது மாடியில் வெளிச்சமான வீடாக வாங்கிக் கொடுத்தேன். முதல் நாள் அடுப்பங்கரையில் நின்ற அக்கா, “என்னடி இது, மேடை நெஞ்சுல வந்து இடிக்குது,” என்றாள்.

“நீ குள்ளம்க்கா,” என்றேன்.

அவளும் நானும் ஒரே உயரம். ஒரே பாவாடையை மாற்றி மாற்றிக் கட்டி வளர்ந்தவர்கள். அது அவளுக்கு நினைவே வரவில்லை. படித்த தங்கை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற அத்தான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்குக் குள்ளி என்று பெயர். ஆசையாகத்தான் கூப்பிடுவார். மறு வாரம் தச்சரிடம் சொல்லி அவரே பலகையும் செய்துவந்து போட்டார்.

பத்து வருடம் கழித்து, கூரை ஒழுகுகிறது என்று புகார் வந்தபோது அலுவலகம் என்னைக் கணக்கெடுக்க அனுப்பியது. ஒரே நாளில் நாற்பத்திரண்டு வீடு ஏறி இறங்கினேன். எந்தச் சமையலறைக்குள் போனாலும் மேடைக்குக் கீழே ஏதோ ஒன்று கிடந்தது. செங்கல் வரிசை, மரப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய பழைய செய்தித்தாள் கட்டு. ஒரு வீட்டில் சூட்கேஸ். நான் பார்ப்பதைப் பார்த்ததும் அந்தப் பெண்கள் அதைக் காலால் உள்ளே தள்ளினார்கள். தப்பு செய்து மாட்டிக்கொண்டது போல, “நான் கொஞ்சம் குள்ளம், அதான்,” என்றார்கள். ஒரு வீட்டுப் பெண் சொன்னது அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாது. ஆளாளுக்குத் தன் உடம்பு மட்டும்தான் அளவு தப்பிப் பிறந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தாள். மேடை உயரம் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. நான் கூரை ஒழுகலைக் குறித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அக்காவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாதுகாப்புக் குழுவைப் பார்க்கப் போனேன். எங்கள் பழைய அலுவலகம்தான் இப்போது அவர்களுடைய இடம். வரைபலகைகள் இருந்த கூடத்தின் ஒரு சுவர் முழுக்க எழுபத்தொன்றாம் தாளை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் என்னை நானே பார்த்தேன். கரண்டி பிடித்த கை, நிமிர்ந்த கழுத்து, பெரியவரின் பாதங்கள்.

குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஒரு பேராசிரியை. நாற்பது வயது இருக்கும். கட்டடங்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதே அவர் ஆராய்ச்சி. பக்கத்தில் ஒரு பொறியாளர் இருந்தார். நான் யாரென்று சொன்னதும் அந்தப் பெண் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“இந்த ஆபீஸ்ல வேலை பாத்த பெண்கள் யாராவது உயிரோட இருக்காங்களான்னு எவ்வளவு நாளா தேடறேன் தெரியுமா மேடம்?” என்றார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை.

சுவரைக் காட்டிப் பேச ஆரம்பித்தார். “மத்த புத்தகங்கள்லாம் பாருங்க, சமையலறைப் பெண் குனிஞ்சேதான் இருப்பா. இவ ஒருத்திதான் நிமிந்து நிக்கறா. அந்தக் காலத்துப் பெண்களோட சராசரியைவிட மூணு அங்குலம் உயரம். நான் கணக்குப் போட்டுப் பாத்திருக்கேன். பெரியவர் இருக்கற பெண்ணை வரையல மேடம், வரப்போற பெண்ணை வரைஞ்சிருக்கார். என் புத்தகமே இதைப் பத்தித்தான்.”

“அவர் வரப்போற பெண்ணை வரையலைங்க,” என்றேன். “என் ஹீல்ஸை வரைஞ்சார்.”

பொறியாளர் சிரித்துவிட்டார். பேராசிரியை சிரிக்கவில்லை. நான் முழுவதையும் சொன்னேன். நாற்பத்துநான்கு வருடமாகச் சொல்லாததைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேராசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆனா படத்துல வெறுங்காலாதானே இருக்கு மேடம்?” என்றார்.

பாதங்களின் கதையையும் சொன்னேன். மீசை செத்து இருபது வருடம் ஆகிவிட்டது. பெரியவர் அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்தார். சாட்சிக்கு நான் மட்டும்தான் மிச்சம். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் இருந்த அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் முதுகை ஒட்டி நின்றேன். “அளந்து பாருங்க,” என்றேன்.

பொறியாளர் டேப்பை எடுத்துவந்தார். என் தலைமேல் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து, “அஞ்சு அங்குலம் குறையுதே,” என்றார்.

“மூணு செருப்பு. ரெண்டு வயசு,” என்றேன்.

“இருக்கலாம் மேடம்,” என்றார் பேராசிரியை, மெதுவாக. “ஆனா வயசுக்கு எவ்வளவு, செருப்புக்கு எவ்வளவுன்னு யாரால சொல்ல முடியும்?”

அவர் கேட்டது சரியான கேள்வி. என் உடம்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அக்காவின் விஷயத்துக்கு வந்தேன். இடுப்பு, கம்பி, வாக்கர், மகன், முதியோர் இல்லம். ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு மேடை, இறக்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். அலுவலகத்தில் முப்பது வருடம் யாரிடமும் கெஞ்சியதில்லை. அன்று கெஞ்சினேன்.

“ஒரு இடத்துல வெட்டினாலும் கோடு அங்க உடைஞ்சிடும்,” என்றார் பொறியாளர். “காங்கிரீட் பலகை மொத்தமும் ஒண்ணா வார்த்தது.”

“அந்தக் கோடே என் செருப்புதாங்க.”

“அதுவே உண்மையா இருந்தாலும் மேடம்,” என்றார் பேராசிரியை, “இப்ப அது வரலாறு. அதுல நாம கை வைக்க முடியாது. உங்க அக்காவை நினைச்சா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.” மேசைமேல் இருந்த நோட்டை எடுத்தார். “நீங்க சொன்னதைப் பதிவு பண்ணிக்கறோம். கண்காட்சில உங்களுக்குன்னு ஒரு மூலை ஒதுக்கலாம். அந்த ஹீல்ஸ் இப்பவும் இருக்கா மேடம்?”

தேய்ந்து போய் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் முகத்தில் நிஜமாகவே ஏமாற்றம் தெரிந்தது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பெண்களுக்காகத்தான் அவரும் இத்தனை வருடம் உழைத்திருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை நம்பி ஒரு புத்தகமே எழுதிவிட்டார், பாவம்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. பலகையில் ஏறி நின்று அடுப்பைப் பற்றவைத்தேன். அக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“முடியாதாம்.”

“சரி விடு,” என்றாள். “நீ என்ன பண்ணுவ. அந்த இல்லத்துல போர்வைகூட அவங்களே தருவாங்களாம். என் போர்வையைக் கொண்டுபோக விடுவாங்களான்னு கேக்கணும்.”

அவள் அப்படிச் சொல்லாமல் அழுதிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. அடுப்பை அணைத்தேன். அவள் பக்கம் திரும்பவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பா, செருப்பு, சுவர், மீசை, மூன்று அங்குலம், நாற்பத்திரண்டு வீடு. அவளைக் குள்ளம் என்று சொன்னபோதே எனக்கு உண்மை தெரியும் என்பதையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தும் திரும்பத் தைரியம் வரவில்லை.

“அப்ப நான் குள்ளம் இல்லையா?” என்றாள் அக்கா.

எழுபத்தொரு வயதில் கேட்கிற கேள்வியா இது? பலகையிலிருந்து இறங்கித் திரும்பினேன்.

“இல்லக்கா. சராசரி உயரம்.”

“சராசரி,” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “உன் அத்தான் ஆஸ்பத்திரில கடைசியாக் கண்ணைத் திறந்தப்போகூடக் குள்ளின்னுதான் கூப்பிட்டார்.”

பலகையைக் காலால் மேடைக்குக் கீழே தள்ளினேன்.

“எதிர்வீட்டு டீச்சர் ஞாபகம் இருக்கா? சூட்கேஸ் மேல நின்னு சமைப்பா. பொண்ணும் தன்னை மாதிரியே குள்ளமாப் போயிடுமோன்னு பயந்து பயந்து அதைக் கம்பில தொங்கச் சொல்லுவா. தினமும் காலைல அந்தக் குழந்தை அழுவும், எனக்குக் கேக்கும். டீச்சர் செத்துட்டா. அவகிட்ட இனிமே யார் சொல்றது?”

“அக்கா.”

“இரு. ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கே நீ சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்குமா?”

“போயிருக்காது.”

“பெரியவர் கத்தியிருப்பாரா?”

“அவர் யாரையும் பாத்துக் கத்தினதில்ல.”

“பின்ன என்னதான் பண்ணியிருப்பாங்க?”

“சிரிச்சிருப்பாங்க,” என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. சின்ன வயதில் நான் கணக்கில் தப்பு செய்தால் எங்கே தவறினேன் என்று நோட்டைத் தேடிப் பார்ப்பாளே, அப்படித் தேடிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாள் சிரிச்சிருப்பாங்க?”

வாழ்க்கை முழுவதும் அளவு எடுத்தே பிழைத்தவள் நான். இன்னொரு தடவை அவளிடம் அளவைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மூன்று பேர் அன்று சாயங்காலமே மறந்திருப்பார்கள். பாப்பா என்று பெயர் வைத்தவர் மட்டும் கொஞ்ச நாள் விடாமல் பிடித்து இழுத்திருப்பார்.

“ஒரு வாரம் இருக்கும்க்கா,” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினாள். வாக்கரைத் திருப்புவதற்கு அந்த நடையில் இடம் போதாது. இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் திருப்ப வேண்டும். உதவி செய்யக் கையை நீட்டினேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. தானே திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அன்று நான் சமைத்து வைத்ததை அவள் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் மகன் வந்து சாமான்களைக் கட்டினான். இல்லம் வரைக்கும் நானும் கூட வருகிறேன் என்றேன். அவன் உள்ளே போய் அவளிடம் கேட்டுவிட்டு வந்தான். “வேணாம் சித்தி,” என்றான். “இனிமே நீங்க வரவேணாம்னு அம்மா சொல்லச் சொன்னாங்க.”